வெயில் தாளித்த கடுகு

மூடியைத் திறந்ததும் முதலில் வந்தது கறிவேப்பிலை வாசம்.

பள்ளி மைதானத்தில் வேப்பமர நிழலில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நிழலுக்கு ஓரடி தள்ளி, வெயிலில், சூரிய அடுப்பு. எதிரே நாற்காலியில் எனக்கு மதிப்பெண் போட வந்த மேடம். என் கையில் கரித்துணி. அடுப்புக்குள்ளிருந்து எடுத்து வைத்த கறுப்புப் பாத்திரத்தில், மஞ்சள் நிறத்தில் பளபளவென்று எங்கள் பக்கத்து 'அரிசியும் பருப்பும் சாதம்'. சின்ன வெங்காயம் பொன்னாக வதங்கியிருந்தது. வரமிளகாய் கிள்ளிப் போட்டிருந்தது. கடுகு வெடித்து மேலெல்லாம் ஒட்டியிருந்தது.

நான் அந்தப் பாத்திரத்தில் வைத்தது வெறும் அரிசியும் தண்ணீரும். உப்புகூடப் போடவில்லை.

மேடம் மூக்கை உறிஞ்சினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ரொம்ப மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, உங்க ஊர் வெயில் கடுகுகூடத் தாளிக்குமா?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் கண்முன்னே வந்து நின்றது சூலூரில் இருக்கும் என் அப்பாவின் முகம்.

சத்தத்தில் வளர்ந்தவள்

அப்பா எதற்காக அங்கே வந்து நின்றார் என்று சொல்லிவிடுகிறேன். அதுவரை மேடம் அப்படியே பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

சூலூரில் எங்கள் வீடும் தறிக்கூடமும் ஒரே சுவர். விசைத்தறிகள் ஓடும் சத்தத்தில்தான் நான் பிறந்தேன், தூங்கினேன், வாய்ப்பாடு படித்தேன். கரண்ட் போய் சத்தம் நின்றால் தொட்டிலில் கிடக்கும் குழந்தைகூட விழித்து அழும். பக்கத்துத் தெருவில் விருந்துக்குப் போனாலும் எங்கள் வீட்டார் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். பழக்கதோஷம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறேன் என்றபோது, அப்பா தறியை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"போ அம்மணி. ரண்டு வருசம். பாஸ் பண்ணிப்போட்டீன்னா டீச்சர் வேலைக்குப் போ, நான் குறுக்க நிக்கமாட்டேன். பெயிலாப் போனா திருப்பி எழுதறது அது இதுன்னு இழுக்கக்கூடாது. வார மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டோணும்."

எனக்கும் சம்மதம்தான். படிப்பில் நான் சுமார்; ஆனால் பிடிவாதத்தில் முதல் மாணவி. இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேனே, கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்த அந்தப் பயிற்சிப் பள்ளியையும் ஒழுகும் விடுதியையும், அங்கே போய்ச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துத் தேர்வு எனக்குப் பயமில்லை. பயமெல்லாம் 'கமிஷன்' மேல்தான். வெளியூரிலிருந்து தேர்வாளர்கள் வந்து, பயிற்சிப் பள்ளியை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் நாம் வகுப்பெடுப்பதைப் பின்னால் உட்கார்ந்து பார்த்து, மதிப்பெண் போடுவதற்கு அந்தப் பெயர். அன்றைக்கு நாக்கு குழறினால் போச்சு. இரண்டு வருடமும் போச்சு.

எல்லோரும் தெர்மோகோலில் எரிமலையும் அட்டையில் இதயமும் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு அறிவியலில் வந்த பாடம் புதுப்பிக்கத்தக்க ஆற்றல். சூரியன், காற்று, சாண எரிவாயு. எங்கள் அறிவியல் ஆசிரியர் சண்முகம் சார் என்னைக் கூப்பிட்டு ஸ்டோர் ரூமைத் திறந்தார். அங்கே சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி தூசி படிந்து கிடந்தது. உள்ளே கறுப்புப் பூச்சு, மேலே கண்ணாடி, மூடியின் உட்புறம் முகம் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணாடி. கறுப்புப் பாத்திரங்கள் நாலு. அரசாங்க மானியத்தில் வந்த சூரிய அடுப்பு. வந்த நாளிலிருந்து யாரும் அதில் ஒரு வாய் தண்ணீர்கூடச் சுட வைத்ததில்லை.

"சரசு, நீ இதுல நெசமாவே சோறாக்கிக் காட்டிப்போடு. கமிஷன்காரங்க அசந்துருவாங்க" என்றார்.

நானும் தலையாட்டினேன்.

முழுமையாக ஏற்கிறேன்

சண்முகம் சாரைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய ஆராய்ச்சியைச் சொல்லாமல் விடக்கூடாது. பாவம், நல்ல மனுசர். ஆசிரியராகப் போகிறவர்கள் இந்தச் சூரிய சக்தி, காற்று சக்தி பற்றியெல்லாம் என்ன நினைக்கிறார்கள் என்று தபாலில் எம்.ஃபில். செய்துகொண்டிருந்தார். நாங்கள்தான் அவருக்கு ஆராய்ச்சிப் பொருள்.

ஒருநாள் மதியம் ஸ்டென்சில் அடித்த தாள்களைக் கொடுத்தார். மை வாசம் கும்மென்று இருந்தது. 'சூரிய அடுப்பு இல்லங்களுக்கு ஏற்றது', 'காற்றாலைகளால் நாட்டுக்கு நன்மை' என்று வரிசையாக வாக்கியங்கள். பக்கத்தில் கட்டங்கள்: முழுமையாக ஏற்கிறேன், ஏற்கிறேன், தீர்மானிக்கவில்லை, மறுக்கிறேன், முழுமையாக மறுக்கிறேன்.

வகுப்பே ஒன்று போல எல்லாவற்றுக்கும் முதல் கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்தது.

யாரும் யாரையும் பார்த்து அடிக்கவில்லை. எங்கள் ஊர் வளர்ப்பு அப்படி. ஒருவர் மெனக்கெட்டு ஸ்டென்சில் வெட்டி, கையெல்லாம் மையாக்கி, ஒன்று கேட்கிறார். அவர் முகத்துக்கு நேரே 'மறுக்கிறேன்' என்று எப்படிப் போடுவது? வீட்டுக்கு வந்தவர் நீட்டிய பலகாரத்தைத் தட்டிவிடுகிற மாதிரி அல்லவா அது!

அன்று சாயங்காலம் குழாயடியில் தண்ணீருக்கு நிற்கும்போதுதான் உண்மை வெளியே வந்தது. பல்லடம் தாண்டி உடுமலை போகிற பக்கம் அப்போதுதான் காற்றாலைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்ப்பார்கள். ஒருத்தி சொன்னாள், "அந்தக் காத்தாடிக வந்துதானுங்க எங்கூர்ல மழையே இல்ல. மேகத்தையெல்லாம் தொரத்திப்போடுது." இன்னொருத்தி அதைவிட ஒரு படி மேலே போனாள். "அத்தாச்சோட்டுப் பெரிய ஃபேனு ஓடறதுக்குக் கரண்டு பில்லு எவ்வளவுங்க ஆகும்? யாரு கட்டறது?"

இந்த இரண்டு பேரும் மத்தியானம் 'முழுமையாக ஏற்கிறேன்' போட்டவர்கள்.

சண்முகம் சார் தாள்களை எடுத்துக்கொண்டு போய், வழிகாட்டிப் பேராசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் அதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டாராம். சார் முகம் வாடியதைப் பார்த்து என் தோழி ரேணுகாவுக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து நின்றாள்.

"வருத்தப்படாதீங்க சார். வேணுமுன்னா பாதிப் பேரு மாத்திப் போட்டுத் தாரோமுங்க."

சத்தம் போடாத பெட்டி

ரேணுகா கணபதி என்கிற ஊர்க்காரி. வீட்டில் தெலுங்கு, வாசல்படி தாண்டினால் கொங்குத் தமிழ். அவள் அப்பாவுக்கு மோட்டார் பம்பு பழுது பார்க்கும் பட்டறை. ஒரு மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே பேரிங் போயிருக்கிறதா, காயில் போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். விடுதியில் என் பக்கத்துப் பாய். எனக்காக எதையும் செய்வாள். அதுதான் பிரச்சனை.

சூரிய அடுப்பை முதல்முறை மைதானத்தில் வைத்தபோது, அவள் காதைப் பெட்டியில் வைத்துக் கேட்டாள்.

"ஏ புள்ள, இது சத்தமே போட மாட்டீங்குது. உள்ள வேலை நடக்குதுன்னு எப்புடித் தெரியும்?"

"வெயில் உள்ள போகுது, வெளியே வராது. அந்தச் சூட்டுல வேகும்."

"வேகும் வேகும்" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் 'சொல்லி அனுப்பறோம்' என்று கிளம்புவார்களே, அந்தக் குரலில்.

ஒத்திகைகள் எல்லாம் தோற்றன. அதற்குக் காரணம் சூரியன் இல்லை. எங்கள் ஊர் அக்கறை. மைதானத்தைக் கடந்து போகிற யாருக்கும் அந்தப் பெட்டியை ஒரு வார்த்தை விசாரிக்காமல் போக மனம் வரவில்லை. விடுதிப் பெண்கள் வருவார்கள், மூடியைத் திறப்பார்கள், "வெந்துருச்சுங்களா?" என்பார்கள். மெஸ்ஸில் சமைக்கும் அக்கா கரண்டியோடு வருவார், திறப்பார், ஒரு கிளறு கிளறிவிட்டு "இன்னும் செத்த நேரம் ஆகோணும் கண்ணு" என்று மூடுவார். வாட்ச்மேன் வருவார். சண்முகம் சாரே வந்து திறந்து பார்த்துவிட்டு "திறக்கக்கூடாதும்மா, சூடு போயிரும்" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போவார்.

சாயங்காலம் அரிசி பூத்துப்போய் வெதுவெதுப்பான தண்ணீரில் கிடக்கும். ரேணுகா இரண்டு அரிசியை வாயில் போட்டு மென்று பார்ப்பாள்.

"நல்லா ஊறியிருக்குது. இட்டிலிக்கு ஆட்டிப்போடலாம்."

கடைசியில் நான் விடுதி முழுவதும் கேட்கும்படி, எங்கள் தறிக்கூடக் குரலில் கத்திச் சொன்னேன். கமிஷன் அன்றைக்கு யாராவது என் மூடியைத் திறந்தால் அதோடு அவர்களிடம் பேச்சு வார்த்தை இல்லை. எல்லோரும் சரிங்க சரிங்க என்றார்கள். ரேணுகா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் தொறக்க மாட்டேன் சரசு. சத்தியமா" என்றாள்.

அவள் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினாள் என்பதைத்தான் இந்த வாரம் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

கமிஷன் அன்று

அன்று காலை வானம் மூட்டமாக விடிந்தது. நல்ல வேளையாகக் காலைப் பிரார்த்தனை முடியும்போது வெயில் சுள்ளென்று வந்துவிட்டது. ஒரு பாத்திரத்தில் அரிசியும் தண்ணீரும் வைத்து, கண்ணாடியைச் சூரியன் பக்கம் திருப்பிவிட்டு, மனசுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். பிறகு நாலாம் வகுப்புக்குத் தமிழ்ப் பாடம் நடத்தப் போய்விட்டேன். அதுவும் கமிஷன்தான். அது ஓரளவு நன்றாகவே நடந்தது.

உச்சி நேரத்துக்கு அறிவியல். பிள்ளைகளிடம் கேள்வி கேட்டேன், படம் காட்டினேன். நிலக்கரி தீர்ந்துபோகும், வெயில் தீராது என்றேன். ஒரு பெண் எழுந்து, "தென்னமட்டையும் தீராதுங்க டீச்சர், விழுந்துக்கிட்டே இருக்குதுங்க" என்றாள். மேடம் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார். நல்லதாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெம்பு வந்தது. அந்தத் தெம்பில் பாத்திரத்தை எடுத்து வைத்து மூடியைத் திறந்தேன்.

கறிவேப்பிலை வாசம். வெயில் கடுகு தாளிக்குமா என்ற கேள்வி. சிரிப்பு.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பிள்ளைகளுக்குப் பின்னால் பயிற்சி மாணவிகள் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரேணுகா மட்டும் வேப்பமரத்தில் என்னவோ தேடிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. ஆமாம் மேடம், எங்கள் வெயில் எல்லாம் செய்யும் என்று சொல்லிச் சமாளிக்க முடியாது. ஏழாம் வகுப்புக்குக்கூடக் கடுகு எதில் பொரியும் என்று தெரியும். ரேணுகாவைக் காட்டிக்கொடுத்தால் அவளுக்கும் அன்று மத்தியானம் கமிஷன் இருக்கிறது.

"மேடம், நான் வெச்சது இது இல்லைங்க. நான் வெச்சது வெறும் அரிசிதானுங்க."

"அப்ப இதை யாரு வெச்சா?"

"அத மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க மேடம்."

மேடம் பேனாவை மூடினார். அப்போது பின்வரிசையில் யாரோ ஓடுகிற சத்தம். ரேணுகாதான். ஆய்வுக்கூடத்துக்குள் போனவள், துண்டில் சுற்றிய எதையோ குழந்தையைத் தூக்குகிற மாதிரி அணைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"நாந்தானுங்க மேடம் மாத்தி வெச்சேன். இவளுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. இவ வெச்சது இதுக்குள்ளதான் இருக்குதுங்க."

துண்டை விலக்கினாள். உள்ளே இன்னொரு கறுப்புப் பாத்திரம், மூடியோடு.

"எதுக்கும்மா மாத்தினே?"

"வேகாதுங்க மேடம். இவ பெயிலாயிருவாளுங்க. அதான் மெஸ்ஸுல ஆக்கி, வகுப்பு தொடங்கறதுக்கு முன்னாடி வெச்சுப்போட்டேன்."

"வேகலைன்னு நீ பாத்தியா?"

"இல்லீங்க. பொட்டியத்தான் தொறந்தேனுங்க. பாத்தரத்து மூடியத் தொறக்கல. தொறந்தா பேச மாட்டேன்னு சொல்லியிருக்கறாளுங்க."

மேடத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, மாத்தினதுதான் மாத்தினே, வெறும் சோத்தை வெச்சிருந்தா யாருக்குத் தெரியும்? எதுக்குத் தாளிச்சே?"

ரேணுகா அவரை நிஜமாகவே புரியாமல் பார்த்தாள்.

"நீங்க வாயில வெச்சுப் பாப்பீங்களேங்க மேடம். வெளியூர்ல இருந்து வந்தவங்களுக்கு வெறுஞ்சோத்த எப்புடிங்க குடுக்கறது?"

மூடி

"திற" என்றார் மேடம் என்னைப் பார்த்து.

பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து பாத்திரத்தைச் சுற்றி வந்துவிட்டார்கள். சண்முகம் சார் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள் என்ன இருக்கிறதென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அதுவரை நிலக்கரி, வெயில் என்று அவ்வளவு பேசிய எனக்கே, அந்த அரிசி வெந்திருக்கும் என்று நம்பிக்கை இல்லை. ஊறிய அரிசியாக இருந்தால் தறிக்கூடம், மாப்பிள்ளை, சூலூர். பெட்டியும் சத்தம் போடவில்லை, பாத்திரமும் சத்தம் போடவில்லை.

திறந்தேன்.

மெல்லிசாக ஓர் ஆவி எழுந்தது. வெள்ளை வெளேரென்று, பூப்போல, வெந்த சோறு.

நான் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினேன். மாவாக நசுங்கியது. மேடம் ஒன்று எடுத்து நசுக்கினார். ரேணுகா ஒன்று எடுத்தாள், நசுக்கினாள், நம்பாமல் இன்னொன்றை எடுத்து வாயில் போட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அய்யோ சரசு, வெந்துருச்சு புள்ள!"

பிள்ளைகள் போட்ட சத்தத்தில் தோப்புக் காக்கைகள் எல்லாம் பறந்தன.

மேடம் மறுபடி பேனாவைத் திறந்தார். "நேரம் இன்னும் இருக்கு. பாடத்தை முடி" என்றார். நான் என் குறிப்புகளைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பாத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இதில் எது வெயிலால் முடியும், எது முடியாது என்று பிள்ளைகளைக் கேட்டேன். சோறு வேகத் தண்ணீர்ச் சூடு போதும், கடுகு பொரிய எண்ணெய் அதைவிடக் கொதிக்க வேண்டும், அந்தச் சூடு இந்தப் பெட்டிக்கு வராது என்று அவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். என் வாழ்நாளில் அதைவிட நல்ல வகுப்பை நான் எடுத்ததாக நினைவில்லை.

மேடம் மதிப்பெண் போட்டது வெறுஞ்சோற்றுக்கு. மத்தியானம் கேட்டு வாங்கி, இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டது ரேணுகாவின் சாதத்தை. சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த ரேணுகாவின் வகுப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இருவரும் பாஸானோம். அப்பா தறிக்கூடத்தில் நின்றபடி கதை முழுவதையும் கேட்டார். "அதெல்லாஞ் செரி. அந்தப் பொட்டி தறி ஓட்டுமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, தறியை நிறுத்தினார். ஆட்களைக் கூப்பிட்டு, "எம் பொண்ணு டீச்சராயிட்டா" என்றார். சத்தமே இல்லாத கூடத்தில் அதையும் வழக்கம்போல் கத்தித்தான் சொன்னார்.

அதற்கு முன்னால், கமிஷன் முடிந்த வாரமே, சண்முகம் சார் எங்களிடம் அதே தாள்களை மறுபடி கொடுத்தார். இந்த முறை டிக் அடிக்கும் சத்தம் மளமளவென்று கேட்கவில்லை. ஒவ்வொருத்தியும் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ரேணுகா கையைத் தூக்கினாள்.

"ஏனுங்க சார், இதுல 'பாத்துட்டேன்'னு ஒரு கட்டம் இல்லீங்களா?"

சார் யோசித்தார். "ஓரமா எழுதிப்போடு அம்மணி" என்றார்.

சூரிய அடுப்புக்கு நேரே அவள் அப்படியே எழுதினாள். காற்றாலைக்கு நேரே வந்ததும் பேனா நின்றது. பிறகு, கட்டங்கள் எதையும் தொடாமல், முத்து முத்தான கையெழுத்தில் எழுதினாள்: 'இன்னும் பக்கத்தில் போய்ப் பார்க்கலைங்க சார்.'

சார் அதைப் படித்தார். எங்கள் தாள்களையும் வாங்கிப் படித்தார். அடுத்த சனிக்கிழமை காலை, கட்டுச்சோற்று மூட்டைகளோடு எங்கள் எல்லோரையும் உடுமலை பஸ்ஸில் ஏற்றினார்.